இரண்டுக்கு ஐந்து

ஒரு பள்ளியில் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் உள்ள விகிதம் 2:5.
மொத்தம் நூற்று நாற்பது பேர் என்றால்
சிறுவர்கள் எத்தனை பேர்?

பெய்ந்தா பென்சிலைக் கடிக்கிறாள்.
நூற்று நாற்பதா?
ஃபாரோ தீவுக் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தத் தீவில்
தொட்டிலில் கிடப்பதையும் சேர்த்து,
மீன் பிடிக்கப் போனவர்களைத் திருப்பிக் கூப்பிட்டு,
தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தவர்களில்
பாதிப் பேரை எழுப்பி நிறுத்தினால்தான்
அத்தனை தலை தேறும்.
ஆடுகள் என்றால் சரி.
ஆடுகளில் எத்தனை நூற்று நாற்பது வேண்டும்?

ஆனாலும் போடுகிறாள்.
இரண்டும் ஐந்தும் ஏழு.
ஏழு பங்கு நூற்று நாற்பது,
ஒரு பங்கு இருபது,
சிறுவர்கள் நாற்பது.
அடியில் இரட்டைக் கோடு.

பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.
ஹோக்னி, ரோய்.
ரன்வா, சோல்ரூன், மார்யுன், பியொர்க், அப்புறம் தான்.
ஐந்தாம் வகுப்பே இவ்வளவுதான்.
வாசலில் ஏழு கொக்கி, ஏழு ஈர மழைக்கோட்டு.
இங்கே ஒரு பங்கு என்றால் ஒரு ஆள்.
இதற்குமேல் எங்களைச் சுருக்க முடியாது என்று
அன்று முழுக்க அவளுக்கு ஒரே பெருமை.

விகிதத்தின் நடுவில் இருக்கும் குறிக்குத்
தமிழில் முக்காற்புள்ளி என்று பேர்.
முக்கால் என்கிறோம்,
எண்ணிப் பார்த்தால் முழுசாக இரண்டு.
ஒன்றன்மேல் ஒன்றாக,
மூடுபனிக்குள் நிற்கும் படகின் விளக்குகள் போல.
இந்தப் பக்கம் இத்தனை பேர்,
அந்தப் பக்கம் இத்தனை பேர்,
இடையில் தண்ணீர்.

ஹோக்னியின் அப்பாவுக்கு டென்மார்க்கில் வேலை கிடைத்தது.
வெள்ளிக்கிழமைப் படகில் சைக்கிளை ஏற்றினார்கள்,
சலவை இயந்திரத்தை ஏற்றினார்கள்,
கதவு சரியாக மூடாத கூண்டில் ஒரு பூனை.
கதவை அழுத்திப் பிடிக்க
ஹோக்னிக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.
அதனால் கையசைக்கவில்லை.
அதனால்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கால்பந்து.
இதுவரை எப்போதும் ஒருவர் மிஞ்சுவார்.
மிஞ்சியவர் நடுவர்.
விசில் கிடையாது, வாயால் ஊத வேண்டும்.
ஹோக்னி ஊதினால் அது யாருடைய கோல் என்று
மூன்று நாள் வழக்கு நடக்கும்.
இன்று இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.
மீதி இல்லை.
"எவ்வளவு சுத்தமாக வகுபட்டுவிட்டது, பார்" என்றாள் மார்யுன்.
சொன்னவளே பந்தை உதைக்காமல் நின்றாள்.
ரோய் இரண்டு முறை தானாகவே விசில் ஊதினான்,
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வேறு கணக்கு.
இரண்டு டப்பா நீலமும் ஐந்து டப்பா மஞ்சளும் கலந்தால்
ஒரு பச்சை வரும்.
கலப்பதற்குமுன் நீலத்தில் ஒரு டப்பா கொட்டிப்போயிற்று.
அதே பச்சை வேண்டும் என்றால்
மஞ்சளில் எத்தனை டப்பாவைக் குறைக்க வேண்டும்?

வெளியே மலைச்சரிவு முழுக்கப் பச்சை.
எந்த விகிதமென்று மழைக்குத்தான் தெரியும்.

ஒரு நீலத்துக்கு இரண்டரை மஞ்சள் போதும்.
ஆக, குறைக்க வேண்டியதும் இரண்டரை.
பெய்ந்தா விடையை எழுதிவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.
சோல்ரூன் பல் காட்டத் தோர்ஷவ்னுக்குப் போயிருக்கிறாள்.
ரன்வாவுக்குக் காய்ச்சல்.
அது இரண்டு.
டப்பாவில் அரை உண்டு, ஆளில் உண்டா?
கொக்கிகளைப் பார்த்தாள்.
ஆறாவது அவளுடையது,
ஏழாவதில் ஒற்றைக் கையுறை,
இடது கைக்கு உரியது, கட்டைவிரலில் ஓட்டை.
மணியடிக்கும்வரை
அவள் அடுத்த கணக்குக்குப் போகவில்லை.

நோட்டு மறுநாள் திரும்பி வந்தது.
வழி சரி, விடை சரி.
"இரண்டரை என்ன? அலகு எங்கே?" என்று
சிவப்பு மையில் எழுதி
தூரி டீச்சர் அரை மதிப்பெண் குறைத்திருந்தார்.

கால் மதிப்பெண்ணுக்குக்கூடச் சண்டைக்குப் போகிறவள்.
அந்த அரையைக் கேட்டு
அவள் போகவில்லை.